கடைசி வரி வரை வாசித்தவர்

கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக அதே இருட்டறை, அதே முக்காலி, சுவரில் அதே எழுத்து அட்டை. எங்கள் சபையில் எல்லோருக்கும் அவள் ‘கண்ணாடிக்கா’. என் மூக்கில் இருப்பதும் அவள் எழுதிக் கொடுத்த பவர்தான்.

அவளுடைய அண்ணன், பிள்ளைகளைச் சர்ச்சுக்கு ஏற்றிவரும் ஞாயிறு பள்ளி வேனைச் சம்பளம் வாங்காமல் ஓட்டினார். அதனால் அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். ஒருநாள் அவள் வீட்டில் சாப்பிடும்போது இடப்பக்கம் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டார். எழுந்தவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். வேனின் இடப்பக்கம் முழுக்கக் கீறலாக இருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாளே கடைக்கு வரவழைத்தாள். அட்டையின் கடைசி வரி வரை தடுமாறாமல் வாசித்துவிட்டு, “போதுமா?” என்றார்.

“நேரா என் மூக்கையே பாருங்க.” அவர் காதருகிலிருந்து விரலை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். விரல் கன்னத்தைத் தாண்டி முகத்துக்கு எதிரே வந்த பிறகுதான் “தெரியுது” என்றார். இரண்டு பக்கமும் அப்படித்தான்.

“அண்ணா, பக்கத்துல வர்றது உங்களுக்குத் தெரியல. உடனே டாக்டரைப் பார்க்கணும். இனி வேனைத் தொடாதீங்க.”

“கடைசி வரியே படிச்சேன். மத்ததைக் கர்த்தர் பார்த்துக்குவார்.”

அவள் போதகரிடம் போனாள். “அவசரப்படாதீங்கம்மா. அவர் மனசு புண்படக் கூடாது. ஜெபத்துல வைப்போம்” என்றார்.

“ஜெபம் பண்ணிட்டுத்தான் வந்தேன், ஐயா. புத்தி குடுங்கன்னு கேட்டேன். குடுத்ததை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா, எதுக்குக் கேட்கணும்? சரி, உங்க பொண்ணு அந்த வேன்லயா வருது?”

“அவ என்கூட கார்ல வந்துடுவா.”

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

ஞாயிறு காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, சபை அலுவலக ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்துக்கொண்டாள். பதினாலு பிள்ளைகளின் வீட்டுக்கும் போன் போட்டு, “இன்னைக்கு வேன் வராது, நீங்களே கூட்டிட்டு வாங்க” என்றாள். வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். “அண்ணன் பேர் வாங்குறது பொறுக்கல” என்று என் காது கேட்கவே ஒருத்தி சொன்னாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நாலு பேர் முன்னால என்னைக் குருடனாக்குறியா? சாவியைக் குடு” என்றார் அண்ணன்.

“டாக்டர் எழுதிக் குடுத்தா தர்றேன்.” அவள் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவள் சொன்னது பொய் என்று காட்டவே அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது, அது திரும்பாது, சொட்டு மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம், வண்டி ஓட்டவே கூடாது என்றார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு, இத்தனை நாளும் விபத்து நேராமல் காத்ததற்காகப் போதகர் கர்த்தருக்கு நன்றி சொன்னார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே வந்ததும், “உங்களுக்குக் கோபம் வரலையா அக்கா?” என்று கேட்டேன்.

“வராம? பதினாலு பிள்ளைங்களை ஏத்தி விட்டு கர்த்தரைச் சோதிச்சாங்க. அதுக்கு விசுவாசம்னு பேர் வேற. மன்னிக்கணும்னு தினமும் கேட்கிறேன். இன்னும் முடியல.”

சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். அண்ணி கதவைத் திறந்தாளாம். அண்ணன் அறையை விட்டு வரவில்லையாம்.