ஓடிப்போன அழைப்புக்குறி

தருமபுரத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்தால் ஜனார்த்தனனின் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பலகையில் அவருடைய பெயர்தான் இருக்கிறது. ஆனால் அவர் கழற்றிப் பூட்டுகிற ஆள். உள்ளே செப்புக் கம்பி சுற்றுவது அவருடைய மனைவி ராஜினி. விசயம் தெரிந்தவர்கள் படலையடியில் நின்றே, "அக்கா நிக்கிறாவோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மோட்டாரை இறக்குவார்கள்.

ராஜினியின் தகப்பன் எழுபதுகளில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இங்கே காடு வெட்டியவர். ஜனார்த்தனனின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்துக்கு வந்து வயல் செய்த கமக்காரர். கலியாணத்தின்போது இரண்டு பக்கமும் கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது. பிறகு, எந்தப் பக்கத்து மோட்டார் எரிந்தாலும் ராஜினிதான் சுற்ற வேண்டும் என்று வந்ததும் அது தன்பாட்டில் இறங்கிவிட்டது.

றேடியோ அவளிடம் வந்தது ஒரு வெள்ளத்தோடு. தொலைபேசி எல்லாம் செத்துப்போய், சனம் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், அமெச்சூர் றேடியோக்காரர் சிலர் வந்து வேம்பில் ஒரு ஏரியல் கம்பியைக் கட்டி, ஆர் ஆர் எங்கே இருக்கிறார்கள் என்ற சேதியை வெளியே அனுப்பினார்கள். எல்லாரும் சேதியைக் கேட்டு நின்றார்கள். ராஜினி கம்பியைப் பார்த்து நின்றாள். ஏன் இந்த நீளம், கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வந்தவர்களில் வவுனியாக் கிருபன் பொறுமையான மனிதர். பதில் சொல்லிக் களைத்து, கடைசியில், லைசென்ஸ் சோதனை எடுங்கோ தங்கச்சி, எல்லாம் அதுக்குள்ளே இருக்கு என்றார்.

எடுத்தாள். முதல்முறை தவறி, அடுத்த முறை சித்தியடைந்தாள். லைசென்சோடு ஒரு அழைப்புக்குறியும் வந்தது. இலங்கைக்குரிய 'நாலு எஸ் ஏழு' என்று தொடங்கி, பின்னால் அவளுக்கென்று மூன்று எழுத்து. காற்றில் அவளுடைய பெயர் அதுதான். உலகத்தில் வேறு ஒருவருக்கும் அந்தப் பெயர் கிடையாது. கடைப்பலகை புருசன் பெயரில், காணி மாமியாரின் பெயரில் இருந்த அவளுக்கு இது சின்ன விசயமில்லை. கறி கொதிக்கும்போது அகப்பையால் சட்டி விளிம்பில் தட்டுவாள். சைக்கிளில் போகும்போது ஹாண்டிலில் தட்டுவாள். புள்ளியும் கோடுமாய்த் தட்டுகிற மோர்ஸில் தன் பெயரை மட்டும் அவளுடைய கை நித்திரையிலும் தட்டும்.

கிருபனுடைய சங்கத்துக்காரர் ஞாயிறு காலையில் ஓர் அலைவரிசையில் கூடுவார்கள். அனுபவசாலிகள் மோர்ஸ் தட்டினால் மழை தகரத்தில் விழுகிற மாதிரி இருக்கும். புதிதாகப் படித்தவர்கள் கேட்டுப் பயந்து றேடியோச் செற்றை மூடிவிடுவார்கள். அதனால் முதல் அரைமணித்தியாலத்தை மெல்லத் தட்டுகிறவர்களுக்கு விடுங்கோ, நான் நடத்துறன் என்று ராஜினி கேட்டாள். இந்த நாட்டில் மெல்லத் தட்டுகிற ஆட்கள் ஆர் இருக்கினம் என்று சிலர் சிரித்தார்கள். இருக்கினம், கூப்பிட ஆள் இல்லாமல் இருக்கினம் என்று அவள் எல்லாரும் கேட்கத் தக்கதாகச் சொல்லிவிட்டாள். ஒரு மாதம் கொடுத்துப் பார்ப்போம், புது ஆள் ஒருவரும் வராவிட்டால் அரைமணித்தியாலத்தைத் திருப்பி எடுப்போம் என்று முடிவாயிற்று.

ஒருவரும் வரவில்லை. பழைய ஆட்கள் மரியாதைக்கு வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். கிருபன் போன் எடுத்து, குறை நினையாதேங்கோ, வாற ஞாயிறோட நிப்பாட்டுவம் என்றார். ராஜினி சரி என்று சொன்னாள்.

அந்தக் கடைசி ஞாயிறும், மெல்லத் தட்டுகிறவர்கள் வாருங்கோ என்ற அழைப்பை ராஜினி தட்டத் தொடங்கினாள். ஞாயிறு காலையில் குசினிச் சமையல் ஜனார்த்தனனுடையது. சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் பாதித் தேங்காயோடு வாசலில் வந்து நின்றார். மோர்ஸில் ஓர் எழுத்தும் தெரியாத மனிதர்.

"நீர் தட்டுறது எல்லாம் ஆறுதலாத்தான் போகுது. கடைசியா ஒரு துண்டு மட்டும் ஏன் நாய் துரத்தின மாதிரி ஓடுது?"

"எந்தத் துண்டு?"

அவர் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். அது அவளுடைய அழைப்புக்குறி.

உங்களுக்கு இதில் என்ன விளங்கும், போய்த் தேங்காயைத் துருவுங்கோ என்று ஏசினாள். அவர் போனதும் செற் காற்றில் அனுப்புவதை மட்டும் நிறுத்தி, அழைப்பை ஒருதரம் தட்டிப் போனில் பதிந்து கேட்டாள். சேதி ஒவ்வொரு எழுத்தாக, எவரும் எழுதியெடுக்கிற வேகத்தில் போனது. பெயர் வந்ததும் கை பறந்தது. எழுத்தும் எழுத்தும் ஒட்டி ஒரே இரைச்சல்.

மெல்லத் தட்டுகிற இடத்தில் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. சேதியை எந்த வேகத்தில் தட்டுகிறாயோ, பெயரையும் அதே வேகத்தில் தட்ட வேண்டும். சேதியில் ஓர் எழுத்து விழுந்தால் ஊகிக்கலாம். பெயரை ஊகிக்க முடியாது. பெயர் பிடிபடாத ஆளுக்குப் பதில் கொடுப்பதும் மரியாதையில்லை. கூப்பிடுவது ஆர் என்று தெரியாமல், புதிதாய் வந்த மனிதர் எப்படி வாய் திறப்பார்? கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார். இந்த ஒழுங்கை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே ராஜினிதான்.

ஜனார்த்தனன் குசினியிலிருந்தே குரல் கொடுத்தார். "பேரைக் கேட்டா கெதியாச் சொல்லிப்போட்டு விலத்துறதுதானே எங்கட ஆக்களின்ர பழக்கம். அதுதான் கை ஓடுது போல."

பகிடியாகத்தான் சொன்னார். யுத்த காலத்தில் எத்தனை சோதனைச்சாவடியில் நின்று சொன்ன பெயர்கள்! ராஜினி சிரிக்கவில்லை.

"இஞ்ச ஒருத்தரும் கேக்கேல்ல. நானாத்தான் சொல்லுறன்."

அனுப்புவதைத் திரும்பப் போட்டாள். அழைப்பைத் தட்டினாள். பெயர் வந்ததும் ஒவ்வொரு எழுத்தையும் வாயால் சொல்லி, அது முடிந்தபின் ஒரு மூச்சு விட்டு, அடுத்ததைத் தொட்டாள். அடிக்கடி கை இழுத்தது. கம்பி சுற்றும்போது இழுவையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தாள். பதில் ஒன்றுமில்லை. திரும்பவும் தட்டினாள்.

இரைச்சலுக்கு அடியில் ஒரு சின்னச் சத்தம் கிளம்பியது. நடுங்கி நடுங்கி, அவளுடைய பெயரைத் திருப்பித் தட்டியது. கடைசி எழுத்துப் பிழை. ராஜினி விடவில்லை; முழுப்பெயரையும் முதலிலிருந்து தட்டினாள். இந்தமுறை சரியாக வந்தது. பிறகு அந்த ஆள் தன் குறியைத் தந்தார். மட்டக்களப்புப் பக்கத்துப் பிரதாபன். லைசென்ஸ் கிடைத்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர், இன்றைக்குத்தான் முதல்முதல் தட்டுகிறார். உங்களை முந்தியும் கேட்டனான், பேர்தான் பிடிபடேல்ல என்பதை அரைகுறை இங்கிலீசில், பிழைவிட்டு அழித்து அழித்துச் சொல்லி முடித்தார்.

அரைமணித்தியாலம் எப்போதோ கடந்துவிட்டது. வேகக்காரர் எல்லாம் அதே அலைவரிசையில் காத்திருந்தார்கள்; ஒருவரும் குறுக்கே வரவில்லை. பிரதாபன் விடைபெற்றதும் கிருபன் வந்தார். தன் குறியை மாட்டு வண்டில் வேகத்தில் தட்டி, அடுத்த மாதமும் இந்த நேரம் உங்களுக்குத்தான் என்றார்.

இனி முடித்து வைக்க வேண்டியது ராஜினி. நன்றி சொன்னாள். பெயரைத் தொடங்கினாள்.

"முடிஞ்சுதோ? புட்டு ஆறுது," என்றார் ஜனார்த்தனன்.

அவள் மற்றக் கையைத் தூக்கிப் பொறுக்கச் சொன்னாள்.

"இல்லை. இன்னும் ஓரெழுத்துக் கிடக்கு."