சாமையோடு காய்ந்த கிடார்

நனைந்த கிடாரை வெயிலில் காயப்போட்ட முட்டாள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். மலைமேல் கரியாலூர் அருவிக்குப் போனபோது, சாரலில் நின்று வாசித்தால் போட்டோ நன்றாக வரும் என்று என் குட்டிக் கிடாரை உறையிலிருந்து எடுத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளும் அளவுதான் இருக்கும். போட்டோ நன்றாகவே வந்தது. கிடாருக்குள் அரைச் சொம்புத் தண்ணீரும் வந்தது. பக்கத்துக் களத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. சாமைக்கு நல்லது கிடாருக்கும் நல்லதுதானே என்று அதன் ஓரத்தில் படுக்கவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் கழுத்து வளைந்துவிட்டது. கழுத்தின் மேல்பாதியில் வாசித்தால் ஒன்றும் தெரியாது. விரல் கீழே இறங்கினால் சுருதி ஓடிவிடும்.

அதை விற்கிற அளவுக்கு மட்டும் எனக்குப் புத்தி இருந்தது. எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு. புதிதாக வந்த கிடார்காரன் மலைக்காரன். அவனுடைய பெரிய கிடாரைப் பார்த்தாலே மலை பஸ் கண்டக்டர் ஏசுவார். எங்கள் வட்டத்தில், விற்கிறவன் ஒரு பாட்டு வாசித்துக் காட்டாமல் யாரும் எதையும் வாங்க மாட்டார்கள். டீக்கடை வாசலில் ஒரு முழுப் பாட்டு வாசித்தேன், விரலைக் கீழே இறக்காமலே.

"சூப்பரா பேசுதுணா."

"உனக்குன்றதால தரேன். வேற எவனுக்கும் தரமாட்டேன்."

உண்மைதான். வேறு எவனும் வாங்கியிருக்க மாட்டான்.

வடக்கனந்தல் கல்யாண வரவேற்புதான் அவனுக்குப் பரீட்சை. முதல் பாட்டின் தொடக்கம் முழுக்கக் கிடார். அதைச் சரியாக வாசித்தால் குழுவில் நிரந்தரம், இல்லாவிட்டால் மலை பஸ் என்று தலைவர் சொல்லியிருந்தார். வாசிக்க ஆரம்பித்தான். விரல் கீழே இறங்கியது. மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார்.

"இன்னாய்யா, பூனைய மிதிச்சிட்டியா?" தலைவர் மைக்கை அணைக்காமலே கேட்டார். பந்தி வரைக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன், கொஞ்சம் ஜாஸ்தியாகவே.

பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"அண்ணா, கிடார்ல எதனா கோளாறாணா? வூட்லயும் இப்படித்தான் வந்துக்கினு இருந்துச்சி. என் கைதான்னு விட்டுட்டேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான்.

"கிடார் இன்னா பண்ணும்? எல்லாம் வெரல்லதான் கீது. போ, நாளாவும்," என்று பெரிய மேதை மாதிரி தோளில் தட்டிக் கொடுத்தேன். தலைவர் அங்கேயே அவனைக் கழற்றிவிட்டார். மிச்சப் பாட்டுகளில் கிடார் வரும் இடங்களையும் நானே கீபோர்டில் வாசித்துப் பாராட்டு வாங்கினேன். பந்தியில் இரண்டு ஐஸ்கிரீம் தின்றேன்.

அவன் வாசிப்பதையே விட்டுவிட்டான் என்று டிரம்ஸ்காரர் சொன்ன பிறகுதான் போன் போட்டேன்.

"உன் கைல ஒண்ணும் இல்லடா. அது கழுத்து வளைஞ்ச கிடாரு. தெரிஞ்சேதான் வித்தேன். தலைவர்கிட்ட நானே சொல்றேன், அத எடுத்துக்கினு வா, திருப்பி வாங்கிக்கிறேன்."

போனில் மலைக்காற்று இரைந்துகொண்டிருந்தது.

"சாமை காயிற தார்ப்பாய் பறக்காம இருக்க மூலைல வெச்சிருக்கேன், எடுக்க முடியாது."