சூரிச்சிலிருந்து பரந்தனுக்கு

செத்த வீட்டுக்குக் கூப்பிட்டால் யோகலிங்கம் செத்தவரின் பெயரைக் கேட்கமாட்டார். "பிள்ளை எந்த நாட்டிலை?" என்றுதான் கேட்பார். பரந்தனில் மலர்ச்சாலை நடத்துகிற அவருக்கு, பிள்ளைகள் வந்து சேரும்வரை பழுதாகாமல் இருக்கப் பிரேதத்துக்கு மருந்து ஏற்றுவது தொழில். லண்டன் என்றால் ஒரு அளவு. ரொறன்ரோ என்றால் அதைவிடக் கூட. இடையில் விமானம் மாறவேண்டும், கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகும் அரை நாள் வாகனத்தில் வரவேண்டும். எங்கட சனம் இப்போது விமானம் பார்த்துத்தான் சாகவேண்டும் என்று பகிடி விடுவார். அவர் கைபட்ட ஒரு உடம்பும் பழுதானதில்லை. அந்தப் பெருமை மனுசனுக்கு நிறையவே இருந்தது.

ஆடி மாதம் ஒருநாள் காலை அவர் மனைவி ஜெகதீஸ்வரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினியில் அடுப்புக்கு முன்னால் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் உயிர் போய்விட்டது. யோகலிங்கம் வேறு யாரையும் தொடவிடவில்லை. அழுதழுது தானே மருந்து ஏற்றினார், ரொறன்ரோ அளவுக்கு.

ஒரே மகன் நிரோஜன் சூரிச்சில். எண்ணாயிரம் கிலோமீற்றர்தான், காசிருந்தால் ஒரு நாளில் வந்துவிடலாம். ஆனால் அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்பப் போகவே முடியாது. இங்கேயோ அவனைத் தேடி வந்த புலனாய்வுக்காரர்கள் இன்னும் தேடுவதை விடவில்லை. போன மாதமும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் வந்தால் விமான நிலையத்தைத் தாண்டமாட்டான் என்று தகப்பனுக்குத் தெரியும்.

மத்தியானம் நிரோஜன் போன் எடுத்தான்.

"அப்பா, நான் வாறன். தூதரகத்திலை ஒருவழிப் பயணக் கடதாசி தருவினமாம். நாலு நாளிலை வந்திடுவன். அம்மாவை வைச்சிருங்கோ, நான்தான் கொள்ளி வைக்கோணும்."

வராதே என்றால் கேட்கிற பிள்ளையில்லை. பிடிவாதத்தில் தாயை அப்படியே உரித்து வைத்தவன். யோகலிங்கம் சொன்னார்:

"தம்பி, மருந்து பிடிக்கேல்லை. உடம்பு பழுதாகுது. இண்டைக்கே எடுக்கோணும்."

"அப்ப முகத்தையாவது வீடியோவிலை காட்டுங்கோ."

"பாக்கிற மாதிரி இல்லையடா."

சொல்லிவிட்டுப் போனை வைத்தார். நேரே போய்ப் பெட்டியை மூடினார். முகம் பார்க்க வந்த பெண்களை ஒருத்தரையும் கிட்ட விடவில்லை. திறந்தால் யாராவது ஒரு படம் எடுத்துச் சூரிச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளே ஜெகதீஸ்வரி அவர் வைத்துவிட்ட பொட்டோடு, ஒரு குறையுமில்லாமல் நித்திரை கொள்வதுபோலக் கிடந்தார். பின்னேரம் சுடலையில் யோகலிங்கமே கொள்ளி வைத்தார்.

கதை ஒரு கிழமைக்குள் அக்கராயன் வரை போய்விட்டது. சொந்த மனுசியையே பழுதாகாமல் வைத்திருக்க முடியாதவரை இனி எவர் கூப்பிடுவார்? சனம் கிளிநொச்சியிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடத் தொடங்கியது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று நிரோஜன் மறுபடி எடுத்தான். நெடுநேரம் அழுதான். பிறகு கேட்டான்:

"ஊரார் பிள்ளையளுக்கெல்லாம் வைச்சிருந்தனீங்கள். எனக்கு மட்டும் உங்களுக்கு ஏலாமப் போச்சோ அப்பா?"

"ஓம் தம்பி," என்றார் யோகலிங்கம். "ஏலாமப் போச்சு."