மரங்கள் நிற்கும் தெருவில் ஒரு வீடு

கல்முனைச் சந்தியில் மட்டக்களப்பு பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். தேநீர்க்கடை வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருக்கும் காசிம் காக்கா, ஒல்லாந்தில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்துவிட்டு ஊர் திரும்பியவர்.

"ஏன் காக்கா திரும்பி வந்தீங்க?" என்று கேட்கிறேன்.

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொல்கிறார்.

"ஹேக் டவுனில பணக்காரத் தெருவொண்டு தம்பி, ரெண்டு பக்கமும் பெரிய மரங்கள். அங்க ஊடு வாங்கக் கடிதத்திலேயே கதைச்சு முடிச்சன். பொஞ்சாதியையும் கூட்டிக்கிட்டு நேரில போனன். கதவைத் திறந்த சீமாட்டி எங்கட நிறத்தைப் பாத்தா. ஊடு வித்துப் போச்சு எண்டு சொல்லிக் கதவைச் சாத்திட்டா."

"அவங்க என்ன சொன்னாங்க, உங்கட மனைவி?"

"அவவுக்கு அந்தப் பாஷை விளங்காது. ஊடு மாறி வந்திட்டம் எண்டு சொல்லிக் கூட்டி வந்தன். விலாசத்தைத் தொலைச்ச மனிசன் எண்டு இண்டைக்கும் என்னைத்தான் ஏசுறா."