திருப்பிப் படித்தால் என் மனைவியின் நம்பர்

என் மனைவியின் ஃபோன் நம்பரைச் சாகடித்தவன் நான்தான். ‘கம்பெனிக்காரன் கட் பண்ணிட்டான்’ என்று அவளிடம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்.

இதை ஏன் இந்த வாரம் சொல்கிறேன்? தில்லை நகரில் ஒரு கிளினிக் வாசலில் வாசகர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “சார், புது ஃபோன் வாங்கணும். எந்த ஃபோன், எந்த கனெக்‌ஷன்னு நீங்கதான் சொல்லணும். கணக்கு புரொபசர்... அலசி ஆராய்ஞ்சுதானே வாங்கியிருப்பீங்க?”

அலசினேன். ஆராய்ந்தேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

ரிட்டையர் ஆன பிறகு ஆராய்ச்சிக்கு வேறு விஷயம் கிடைக்காத மனிதன் நான். எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு ஸ்மார்ட்ஃபோன் வாங்குவது என்று முடிவானதும், மூன்று வாரம் வீடியோ பார்த்தேன். டப்பாவைப் பிரிப்பதற்கே பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள்! கட்டம் போட்ட நோட்டில் அட்டவணை தயாரித்தேன். ராம், ப்ராசஸர், பேட்டரி, மெகாபிக்சல்... என் முகத்தை அவ்வளவு நுணுக்கமாக யார் பார்க்கப் போகிறார்கள்? அந்தக் கேள்விக்கு மட்டும் அட்டவணையில் கட்டம் போடவில்லை.

அடுத்து சிக்னல். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு கம்பெனி ஃபோனை இரவல் வாங்கி, வாசலிலிருந்து கொல்லை வரை நடந்து சோதித்தேன். ஒன்று வாசலோடு நின்றுவிட்டது. இன்னொன்றுக்கு பாத்ரூமில் மட்டும் முழு சிக்னல் — அந்தக் கம்பெனி என்ன நினைத்து டவர் வைத்ததோ! மூன்றாவது, சமையலறை வரை வந்தது. இரண்டு கையிலும் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி நான் நடப்பதை எதிர்வீட்டு ராகவன் பார்த்துவிட்டார்.

“என்ன சார், வீட்டுக்கு வாஸ்து பாக்கறீங்களா?”

மூன்றாவது கம்பெனி என்று முடிவு செய்தேன். இதுவரை என்மேல் தவறில்லை. கொஞ்சம் கிறுக்கு, அவ்வளவுதான்.

கடைக்குப் போனேன். பழைய நம்பரை அப்படியே புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியும். பழைய ஃபோனிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும், மனைவியை ஆதார் கார்டோடு ஒரு நடை அழைத்து வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கடைக்காரர், “புது நம்பர் வேணும்னாலும் பாருங்க சார்” என்று ஒரு பட்டியலை நீட்டினார். அதில் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒரு எண்ணைப் பின்னாலிருந்து படித்தால், நாலு வரி தள்ளி இருந்த இன்னொரு எண்! எனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. கண்ணாடியில் பார்த்த மாதிரி தம்பதி நம்பர்! கடைக்காரருக்கே அது தெரியாது. முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த கர்வம்... விடுமா?

மறுநாளே மனைவி ராஜியை அழைத்துப் போய் இரண்டு சிம்மையும் வாங்கிவிட்டேன். ஆதாரைக் காட்டுவதற்கு அவள் எப்படியும் வரத்தான் வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

“ஏங்க, என் பழைய நம்பர் என்னாகும்?” என்றாள்.

“அது எங்க போகப் போகுது? மெதுவா பாத்துக்கலாம்.”

பழைய சிம்மை மேஜை டிராயரில் போட்டேன். ரீசார்ஜ் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம், மறக்கவில்லை. ஒரு அழகான எண் இருக்கும்போது ஒழுங்கில்லாத அந்தப் பழைய எண் எதற்கு என்று நினைத்தேன். சில மாதம் கழித்து அது செத்தது. “திரும்ப வாங்க முடியாதா?” என்று ராஜி கேட்டாள். “கேட்டேன். கம்பெனிக்காரன் கட் பண்ணிட்டானாம். முடியாதுன்னுட்டான்” என்றேன். நான் யாரையும் கேட்கவில்லை.

அந்த நம்பர் என்ன நம்பர் என்று இப்போதாவது சொல்ல வேண்டும். ராஜி ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். குழந்தை பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணின் தடுப்பூசி அட்டையிலும், மூலையில், பேனாவால் தன் நம்பரை எழுதிக்கொடுப்பாள். “எதுன்னாலும் கூப்பிடு, யோசிக்காத.” கூப்பிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியை மூடிய பிறகும் கூப்பிட்டார்கள். பால் குடிக்க மாட்டேங்குது சிஸ்டர்... பொண்ணு பெரியவளாயிட்டா சிஸ்டர்... அவர்கள் நம்பர் எதுவும் இவளிடம் கிடையாது. இவள் நம்பர்தான் அவர்களிடம் இருந்தது.

புது ஃபோன் பேசவே இல்லை. ராஜி அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு சமையலறையிலிருந்து குரல் வரும்.

“ஏங்க, ஒரு ரிங் குடுங்க.”

வாசல் அறையிலிருந்து நான் ரிங் கொடுப்பேன். கணீரென்று அடிக்கும்.

“நல்லாத்தான் இருக்கு” என்பாள். அப்புறம் ஒருநாள், “வேலைய விட்டு வந்துட்டா யாரு நெனச்சுக்கப் போறா? நான்தான் கூப்பிடுவாங்கன்னு இருந்தேன்” என்றாள். காரணம் தெரிந்த ஒரே ஆளான நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. போன மாதம் நான் தனியாகப் போன பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது டிராஃபிக்கில் நின்றது. முன்னால் ஒரு செப்டிக் டேங்க் லாரி. அதன் பின்புறம், மஞ்சள் பெயின்ட்டில், முழங்கை உயரத்துக்கு ஒரு நம்பர். ராஜியின் நம்பர். பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கே கூப்பிட்டேன். லாரிக்காரர் பெயர் சேகர். கே.கே. நகரில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். விஷயத்தைச் சொன்னதும் டீ கிளாஸை வைத்துவிட்டார்.

“அட, ராஜி சிஸ்டர் வீட்டு சாரா நீங்க? சார், உங்களால நான் பட்ட பாடு இருக்கே! ஃபோனை எடுத்தா ‘கொழந்தைக்கு ஜொரம்’கறாங்க. நான் டேங்க் மேல நின்னுட்டிருப்பேன்!”

“ராங் நம்பர்னு சொல்ல வேண்டியதுதானேப்பா?”

“சொன்னேனே! மருங்காபுரியிலேர்ந்து ஒரு அம்மா விடவே இல்ல. ‘இருவது வருஷமா இதே நம்பர்தான், ஃபோனை அவங்ககிட்ட குடுய்யா’ன்னு ஒரே சண்டை. நானும் யோசிச்சேன் சார். நம்பர் என்கிட்ட வந்திருக்குன்னா அவங்க இல்லேன்னுதானே அர்த்தம்? ‘தவறிட்டாங்க போலம்மா’ன்னுட்டேன். ஓன்னு அழுதுட்டாங்க. அப்புறம் கேட்டவங்க எல்லாருக்கும் அதையே...” நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்பா நெனச்சுக்காதீங்க சார். சிஸ்டர் நல்லாருக்காங்களா?”

நன்றாக இருக்கிறாள். ஊருக்குத்தான் செத்துவிட்டாள். இவர் வாயால் சொன்னார், நான் டிராயரில் போட்டே செய்துவிட்டேன்.

நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், என்ன கேட்டாலும் தருகிறேன் என்று கெஞ்சினேன். “லாரியில எழுதியாச்சு, ஊர் பூரா செவத்துல எழுதியாச்சு சார். இதுதான் எனக்குச் சோறு” என்றார். நியாயம்தானே? என் மனைவியின் நிம்மதியைக் கெடுத்தது போதாதென்று இவர் பிழைப்பையும் கெடுப்பதா?

வீட்டுக்கு வந்து ராஜியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பதி நம்பர், டிராயர், கேட்காமலே கேட்டேன் என்று சொன்னது, எல்லாம். திட்டுவாள் என்று தயாராக நின்றேன். திட்டவில்லை.

“அப்ப... அவங்க கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க” என்றாள்.

இதற்குத் திட்டியே இருக்கலாம்.

பிறகு தன் பழைய நம்பரைத் தானே போட்டாள். “தம்பி, நான் ராஜி சிஸ்டர் பேசறேன். ஒங்கிட்ட யார் யார் கேட்டாங்க?” சேகர் நல்ல மனிதர். அந்த அழைப்புகளையெல்லாம் எடுக்காமல் தவிர்ப்பதற்காகவே ‘சிஸ்டர் பார்ட்டி’ என்று நம்பர் நம்பராகப் பதிந்து வைத்திருந்தார். அத்தனையையும் அனுப்பினார். ராஜி முதலில் மருங்காபுரியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“சிஸ்டரா? நெசமாவா? ஐயோ, ஒங்களுக்குக் கோயில்ல மோட்ச தீபம்லாம் ஏத்திட்டோமே சிஸ்டர்!”

“ஏத்தினா ஏத்திட்டுப் போ. நெய்யா, எண்ணெயா?”

“நெய்தான் சிஸ்டர்! ஒங்களுக்குப் போயி எண்ணெய ஊத்துவனா?”

இரண்டு வருடத்துக்குப் பிறகு என் மனைவி சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல.

சேகர் அதோடு விடவில்லை. இப்போது அந்த லாரியின் பின்னால், அவருடைய நம்பருக்குக் கீழே இன்னொரு வரி: ‘ராஜி சிஸ்டர் நலமாக இருக்கிறார்’. பக்கத்தில் அவளுடைய புது நம்பர். மூன்று வாரம் ஆராய்ந்து, பட்டியலில் தேடிப் பிடித்து நான் வாங்கிய அந்த அழகான எண், திருச்சி முழுக்க ஒரு செப்டிக் டேங்க் லாரியின் முதுகில் சுற்றிவருகிறது. அதைத் திருப்பிப் படித்தால் என் நம்பர் என்பது, நல்லவேளை, யாருக்கும் தெரியாது.

கிளினிக் வாசலில் கேட்ட நண்பரே, எந்த ஃபோன் வேண்டுமானாலும் வாங்குங்கள். பழைய நம்பரைப் பற்றி மட்டும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ராஜி இப்போதெல்லாம் ரிங் கேட்பதில்லை. வாசல் அறையிலிருந்து நானேதான் சில நேரம் ஒன்று கொடுத்துப் பார்க்கிறேன்.

பிஸி.