தூணில் காதை வைப்பவர்

பட்டப்பகலில் டார்ச் அடித்துக்கொண்டு, கார் நிறுத்தும் தளத்தில் ஒரு தூணைச் சுற்றிச் சுற்றி வருகிறார். விரலை மடக்கித் தட்டுகிறார், காதை வைத்துக் கேட்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார். "ஒண்ணுமில்லையே!"

பதினெட்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளர். எல்லோருக்கும் டார்ச் அண்ணன். எந்த மாடியில் எந்தக் குழாய் முனகும் என்பது அவருக்கு அத்துப்படி. கதவுக் கீல் கிறீச்சிட்டால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எண்ணெய்க் குப்பியோடு ஓடுவார். போன வருடம் சேமநிதியில் பாதியை எடுத்து, இந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான முதலீட்டு அறக்கட்டளையின் யூனிட்டுகளை வாங்கிப் போட்டார். வாடகையில் பங்கு வரும், வேண்டும்போது பங்குச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம். கண் காணாத இடத்தில் போடுவதைவிட, தினமும் தொட்டுப் பார்க்கிற சுவரில் போடலாமே என்று நினைத்தார்.

அன்றிலிருந்து யூனிட் விலை இறங்குமுகம். ஒரு மாடிகூடக் காலியில்லை, வாடகையும் ஏறியிருக்கிறது. பிறகு ஏன்? மனிதருக்குத் தலை சுற்றுகிறது. ஏதோ ஒரு விரிசல் தன் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது என்ற சந்தேகத்தில்தான் இந்த டார்ச் வெளிச்சம்.

ஏழாம் மாடி ஆடிட்டர் அம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். "அண்ணே, பேங்க்லயே இப்ப எந்தப் பயமும் இல்லாம நூத்துக்கு ஏழரை வட்டி தர்றான். உங்க வாடகைப் பங்கு ஆறுதான். அதே வாடகைக்கு யூனிட் விலை இறங்கினாத்தானே வாங்குறவங்களுக்குக் கட்டுப்படியாகும்? போதாக்குறைக்கு, கட்டடத்து மேல வாங்கின கடனுக்கும் வட்டி ஏறிடுச்சு."

தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அது சரிம்மா. அவன் அங்க வட்டிய ஏத்தினா, என் கட்டடம் இங்க ஏன் இளைக்குது?" என்றார்.

அம்மா சிரித்துவிட்டார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதத்தில் ஓய்வு. சொந்தமாக இரண்டு அறை வீடு வாங்க இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறார், பாவம்.

மனைவி போனில் பிடித்துக்கொண்டாள். "இன்னும் விக்கலையா? இருக்கிறதையாவது பேங்க்ல போடுங்க. நமக்கு வீடு வேணுமா, வேணாமா?"

"வித்துடறேன், வித்துடறேன். இன்னும் ஒரே ஒரு தூண்தான் பாக்கி."

போன் திரையில் 'விற்க' என்ற பொத்தான் தயாராக இருக்கிறது. கட்டைவிரல் அதன்மேல் போய் நிற்கிறது. பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல, கடைசித் தூணில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார்.