பூப்பந்து அரங்கில் அரை டிக்கெட்

சென்ற ஆண்டு நவம்பர் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒன்று நாற்பது. மழை விட்டும் விடாத தூறல். கோலாலம்பூரில் பூப்பந்து அரங்கின் வாசலில் நானும் என் மனைவியின் தம்பியும் வரிசையில் நின்றிருந்தோம்.

நான் டுரியான் துங்காலில் இருக்கிறேன், வயது எழுபத்தொன்று. மைத்துனன் சிம்பாங் அம்பாட்டில் லாரி ஓட்டுகிறவன். எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஒவ்வொரு முறையும் தன் காரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனான்; பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை. ரப்பர் தோட்டத்துத் திடலில் பூப்பந்து ஆடி வளர்ந்தவன், அரங்கத்துக்குள் ஒருநாளும் போனதில்லை. அவன் பல வருடங்களாகத் தொலைக்காட்சியில் கத்திக் கத்தி ஆதரித்த ஆட்டக்காரர் அன்றைய இறுதியாட்டத்தோடு ஓய்வு பெறுகிறார். அதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஏங்கினான். டிக்கெட் என் செலவு என்று சொல்லியிருந்தேன்.

சொன்ன பிறகுதான் விலையைப் பார்த்தேன். கூரைக்குப் பக்கத்து இருக்கையே நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரிங்கிட். இரண்டு மணி நேரம் இறகுப்பந்து பறப்பதைப் பார்க்க இவ்வளவா? நல்லவேளையாக, அறுபது வயதானவர்களுக்குப் பாதி விலை என்று போட்டிருந்தது. அவனுக்கு முந்தைய ஆண்டுதான் கோயிலில் அறுபதாம் கல்யாணம் செய்தோம். எனவே இரண்டு மூத்தோர் டிக்கெட் எடுத்தேன். சலுகை விலை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

வாசலில் நின்ற தமிழ்ப் பெண் ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டாள். என்னுடையதைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனுடையதைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“அங்கிள், இவருக்கு இன்னும் அம்பத்தொம்பதுதான். இந்த டிக்கெட்டு செல்லாது.”

அப்போதுதான் விளங்கியது. தோட்டத்தில் பிறந்த பலரையும்போல அவன் பிறப்பையும் தாமதமாகத்தான் பதிந்திருக்கிறார்கள். ஜாதகத்துக்கு அறுபத்தொன்று, ஐசிக்கு ஐம்பத்தொன்பது. நான் ஜாதகத்தை நம்பி டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

“அறுபதாம் கல்யாணமே பண்ணியாச்சும்மா. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்” என்றேன்.

“அய்யோ அங்கிள், மெஷினுக்குக் கல்யாணம் எல்லாம் தெரியாது லா.”

வரிசையில் பின்னால் சிரித்தார்கள். மைத்துனன் என்னைப் பார்த்தான்.

“எனக்கு அரை டிக்கெட்டா எடுத்தீங்க, மாமா? மடியில வெச்சுக் கூட்டிட்டுப் போகலாம்னு நெனைச்சீங்களா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குக் காது சூடானது.

டிக்கெட் விற்கும் முகப்பில் விசாரித்தேன். டிக்கெட்டை மாற்றித் தர முடியாது, பணமும் திரும்பாது. மீதம் இருந்தவை திடலை ஒட்டிய இருக்கைகள் மட்டும். ஒன்று முந்நூற்று எண்பத்தெட்டு. வேறு விலையில் இல்லையா என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன்.

“வேணாம் மாமா, விடுங்க. கடையில போய் டிவியில பார்ப்போம். குடிக்கத் தே தாரேக் நான் வாங்கித் தர்றேன்” என்று என் கையைப் பிடித்து இழுத்தான். அந்த நேரம் உள்ளே பெரும் கூச்சல் எழுந்தது. ஆட்டக்காரர் திடலுக்குள் வந்துவிட்டார் போலும். மைத்துனன் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினான். அடுத்து என்ன சொல்ல வந்தான் என்பது அவனுக்கே மறந்துபோயிற்று.

நான் வங்கி அட்டையை முகப்புக்காரரிடம் நீட்டினேன்.

அவன் கீழே, நான் மேலே. அந்த உயரத்தில் என் கண்ணுக்குப் பந்து தெரியவில்லை. அதனால் அவனுடைய மஞ்சள் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் நின்றான். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத சீனப் பெரியவரோடு கைதட்டிக்கொண்டான். அவனுடைய ஆட்டக்காரர் தோற்றுப்போனார். அரங்கமே எழுந்து நின்றது. அவன் மட்டும் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில், “அவரு கால் சப்பாத்து தரையில கீச்சுன்னு தேயிற சத்தம்கூட கேட்டுச்சு மாமா. டிவியில அது கேக்காது லா” என்றான்.

ஓர் ஆட்டத்தைப் பார்க்க இவ்வளவு பணம் கேட்பது அநியாயம் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மற்றச் செலவுகளை நினைத்து இரவில் புரளுவதுபோல் இதை நினைத்து நான் புரளுவதில்லை. இரண்டு பேருக்கு, செல்லாத அந்த ஒன்றையும் சேர்த்து, டிக்கெட்டுக்கு மட்டும் ஐந்நூற்று எண்பத்தாறு ரிங்கிட்.